கீரையும் நாவல்பழமும்
(கூட்டமைப்பு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் சாப்பாடு பற்றிப் பேச வந்திருக்கேன். அதுவும் ஒரு கணக்குதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருபது பேர் உள்ள குழுவில் பத்துப் பேருக்கு மேல! மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது. நாம "வேலை ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டுப் போயிடறோம்.

கீரையில் இரும்புச்சத்து இருக்கு. ஆனா அதை உடம்பு கொஞ்சமாத்தான் எடுத்துக்கும். கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் கூடுதலா எடுத்துக்கும். அது நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் நிறைய இருக்கு. கொதிக்க வச்சா குறைஞ்சிடும். அதனால்தான் இன்றைக்கு அடுப்பில்லாத சமையல்.

பெரிய ஹோட்டலில் ஸ்ட்ராபெர்ரி போட்டு சாலட் தருவாங்க. நமக்கு நாவல்பழம் போதும். பக்கத்துல திருவானைக்காவலில் தலமரமே வெண்ணாவல்தானே! ஆனி, ஆடியில் தெருவுக்குத் தெரு வரும். கிடைக்காத மாசத்தில் மாதுளை போடலாம். மணத்தக்காளிப் பழம்னா நல்லாப் பழுத்ததுதான், பச்சைக்காய் வேண்டாம்.

கீரைக்கு வல்லாரை. இலங்கைத் தமிழ்ச் சகோதரிகள் அதைப் பச்சையாவே நறுக்கி, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப் புளி சேர்த்துச் சம்பல் போடுவாங்க. அதை வச்சுத்தான் இந்தச் செய்முறை.

நாலு பேருக்கு: வல்லாரை ஒரு கட்டு, நாவல்பழம் பதினைந்து, பெரிய நெல்லிக்காய் ரெண்டு, சின்ன வெங்காயம் ஆறு, தேங்காய்த் துருவல் ரெண்டு ஸ்பூன், வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. சாக்கடைத் தண்ணி பாயும் இடத்துக் கீரை வேண்டாம். மண் போக மூணு நாலு தண்ணியில் அலசி, துணியில் ஈரம் ஒத்தி எடுங்க. இலையைப் பொடியா நறுக்கணும். பழத்தில் கொட்டை எடுக்கணும். நெல்லியைத் துருவணும்.

மேலே ஊற்ற: நல்லெண்ணெய் ரெண்டு ஸ்பூன், ஒரு எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், உப்பு, ஒரு சிட்டிகை வெல்லம். மூடி போட்ட பாட்டிலில் நல்லாக் குலுக்குங்க. சாப்பிடும்போதுதான் ஊற்றணும். முன்னாடியே ஊற்றினா உப்பு பட்டு இலை தண்ணி விட்டுத் துவண்டுடும். சாப்பிட்ட கையோட டீ, காபி வேண்டாம். அது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.

இதை விற்கலாமான்னு சிலர் கேட்டீங்க. வெட்டின கீரை வெயில் தாங்காது. அன்னன்னைக்குச் செய்து, குளிர்ச்சியா வச்சு, அன்னைக்கே தீர்க்கணும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேணும். முதலில் நாம சாப்பிடுவோம்.

இன்னொன்னு. சாலட் மட்டும் ரத்தசோகையைத் தீர்க்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதிச்சுக்கணும். மாத்திரை கொடுத்தா விடாம சாப்பிடணும். கர்ப்பிணிகள் பச்சைக் கீரை, வல்லாரை சாப்பிடும் முன் டாக்டரைக் கேளுங்க.

என் கோரிக்கை மூணு. மாதக் கூட்டத்தில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு தடவையாவது இதைச் செய்வோம். வீட்டில் எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிடாம, நமக்கும் ஒரு கிண்ணம் முதலிலேயே எடுத்து வைப்போம். பரிசோதனைக்குத் தனியாப் போகத் தயங்கினா, குழுவாவே சேர்ந்து போவோம்.