குடசப்பாலைப் பட்டை: பயனும் எல்லையும்



நாட்டு மருந்துக் கடைகளில் பழுப்பு நிறத்தில், உட்புறம் வளைந்த துண்டுகளாகக் கிடைக்கும் பட்டைகளுள் குடசப்பாலைப் பட்டையும் ஒன்று. நாவிற் பட்டால் கடுங்கசப்பு. கழிச்சலுக்கும் சீதபேதிக்கும் உரிய மருந்தாக நெடுங்காலம் மதிக்கப்பெற்று வருவது. ஒரு மருந்தின் பயனை அறிவது போலவே அதன் எல்லையை அறிவதும் உயிர் காக்கும் அறிவாகும். அவ்விரண்டையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

குடசப்பாலை இலையுதிர்க்கும் புதர்ச்செடி. இடம் வாய்த்தால் சிறுமரமாகவும் வளரும். கிள்ளினால் பால் வடியும். மணமுள்ள வெண்பூக்கள் கொத்தாக மலரும். மெலிந்து நீண்ட காய்கள் இரண்டிரண்டாகத் தொங்கும். வடமொழியில் இதற்குக் குடஜம் என்றும், மலைமல்லிகை எனப் பொருள்படும் கிரிமல்லிகை என்றும் பெயருண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் குடசம் இடம்பெற்றுள்ளது. காளிதாசரின் மேகதூதத்தில் யட்சன் கார்மேகத்தைப் புதிய குடச மலர்களை இட்டே வரவேற்கிறான்.

சரக சங்கிதை, ஒவ்வொரு தொழிலுக்கும் தலைசிறந்த மருந்து எது என்று வரிசைப்படுத்தும் இடத்தில், குடசப் பட்டையைச் சேர்த்துள்ளது. கழிச்சலோடு வெளிப்படும் சளியையும் குருதியையும் கட்டுப்படுத்தி, ஈரத்தை வற்றச் செய்வது அதன் தொழில். குடஜாரிஷ்டம், குடஜாவலேகம் முதலிய மருந்துகள் இப்பட்டையைக் கொண்டு செய்யப்படுகின்றன. எனினும், செரியாமையால் தோன்றிய கழிச்சலை அதன் தொடக்கத்திலேயே கட்டும் மருந்து கொடுத்து நிறுத்தலாகாது என்றும் அதே மரபு எச்சரித்தது. உள்ளே தங்கிய கழிவு வேறு நோய்களை விளைவிக்கும் என்பது அதன் காரணம். மருந்தைப் போற்றிய நூலே அதற்கு வரம்பும் கட்டியது என்பது கருதத்தக்கது.

டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சியில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூல், கேரள மருத்துவர் இட்டி அச்சுதன் முதலியோரின் அறிவைத் துணைக்கொண்டது. குடகப்பாலை அந்நூலில் இடம்பெற்றது. ஐரோப்பிய வணிகத்தில் இதன் பட்டை ‘தலைச்சேரிப் பட்டை’ என்று வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் இப்பட்டையிலிருந்து கோனெசின் என்னும் காரப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அமீபா நுண்ணுயிரால் வரும் சீதபேதிக்கு அது பயன்பட்டது. ஆயினும், தூக்கமின்மை, நடுக்கம், தலைசுற்றல் ஆகியவை சிலரிடம் காணப்பட்டன. பின்னர் மெட்ரோநிடசோல் முதலிய மருந்துகள் வந்தபின் கோனெசினின் வழக்கு குறைந்தது. ஆய்வுக்கூடங்களில் அதன் இயல்புகள் இன்றும் ஆராயப்படுகின்றன.

இனி, வாங்குவோர் அறிய வேண்டிய இடர் ஒன்று உண்டு. வெட்பாலை என்னும் பெயர் சில இடங்களில் குடசப்பாலைக்கும், வேறோர் இனமாகிய நிலப்பாலைக்கும் பொதுவாக வழங்குகிறது. நிலப்பாலையின் காய்கள் இளமையில் நுனியில் ஒட்டியிருக்கும். குடசப்பாலையின் காய்கள் பிரிந்தே தொங்கும். குடசப்பாலையின் விதை கசக்கும். நிலப்பாலையின் விதையில் அக்கசப்பு இல்லை. நிலப்பாலையும் பயனற்றதன்று. அதன் இலையிட்ட எண்ணெய் தோல் நோய்க்கு உதவுகிறது. அதன் மரம் சென்னபட்டணப் பொம்மைகளாகிறது. ஆனால் ஒன்றன் பட்டை மற்றொன்றன் பட்டைக்கு ஈடாகாது. கடையில் கேட்ட பெயர் ஒன்றையே நம்பி வாங்காமல், தேர்ந்த மருத்துவர் கண்டு உறுதி செய்ததையே கொள்ளல் வேண்டும்.

இவற்றினும் பெரிய எல்லை ஒன்றுள்ளது. கழிச்சலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றுதலே. பட்டைக் கசாயம் அந்த இழப்பை ஈடுசெய்யாது. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் நீர்மம் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. ஆகவே குழந்தைக்குக் கழிச்சல் கண்டால், பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலந்து கொடுத்தலே முதற்கடமை, தாய்ப்பாலை நிறுத்தலாகாது, மருத்துவர் கூறியபடி துத்தநாக மாத்திரையும் தருதல் வேண்டும். மலத்தில் குருதி, கடுங்காய்ச்சல், குழிந்த கண், சிறுநீர் குறைதல், அயர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கசாயம் காய்ச்சிக் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கருவுற்றோரும், வேறு மருந்து உண்போரும் தாமாகவே இப்பட்டையை உட்கொள்ளலாகாது.

செடியின் உயிருக்கும் காப்பு வேண்டும். தண்டைச் சுற்றிப் பட்டையை முழுதும் உரித்தால், இலைகள் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி அறுபட்டுச் செடி மடியும். ஒருபுறம் மட்டும் சிறிதளவு எடுப்பதும், முதிர்ந்த கிளைகளிலிருந்து எடுப்பதும் அதனைப் பிழைக்க விடும். மரஞ்செடிகளைத் தொல்காப்பியம் ஓரறிவுயிர் என்று வகுத்தது. மரம் மடியும்படி அதிலிருந்து மருந்து கொள்ளுதல் மாந்தர் இயல்பன்று என்பது நற்றிணைப் பாட்டொன்றின் கருத்து.

நோயுற்றவனுக்கு வேண்டுவது வேண்டும் நேரத்தில் சென்றடைதலும், மருந்தளித்த செடி மறு பருவத்திலும் பூத்தலும் ஒருங்கே நிகழ்வதே நன்மருத்துவம்.