வெண்கலக் காசும் வேறுபாடு காணும் கண்ணும்

  

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் முறையை இவ்வவை நன்கறியும். ஒரே நூலின் இரண்டு படிகளுள் ஓரெழுத்து மாறியிருப்பின், அம்மாற்றம் எழுதியவரின் கைப்பிழையா, மரபில் வந்த வேறு பாடமா, ஏடு சிதைந்தமையால் தோன்றிய மயக்கமா என்று ஆராய்தல் பதிப்பாசிரியரின் கடமையாகும். இதே மூன்று வினாக்களை உலோகத்தின் முன் நின்று எழுப்புவோர் இங்கிலாந்தில் உளர். அவர்கள் பொன்னையும் வெள்ளியையும் நாடியவரல்லர். ஏழை எளியோரின் கையிற் புழங்கிய வெண்கலப் பென்னியை நாடியவர்கள். அவர்தம் கலையின் இயல்பையும், அக்கலை வேண்டிநிற்கும் நேர்மையையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

செம்பிலிருந்து வெண்கலத்திற்கு

பழைய ஆங்கில நாணய முறையில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே ஒரு பவுண்டிற்கு 240 பென்னிகள். 1860ஆம் ஆண்டு வரை பென்னி செம்பினால் அடிக்கப்பட்டது. ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ள அக்காசு பையைக் கனக்கச் செய்வது. மென்மையான உலோகமாதலின் விரைவில் தேய்வது. இக்குறைகளைக் களையும்பொருட்டு 1860இல் வெண்கலப் பென்னி வெளியிடப்பட்டது. செம்பு 95 பங்கு, வெள்ளீயம் 4 பங்கு, துத்தநாகம் ஒரு பங்கு என்பது அதன் கலவை. எடை ஏறத்தாழ 9.4 கிராம்; குறுக்களவு 30.8 மில்லிமீட்டர்.

தலைப்பக்கத்தில் லியோனார்ட் சார்லஸ் வையன் என்னும் கலைஞர் அமைத்த விக்டோரியா அரசியின் இளமைத் திருவுருவம் விளங்கியது. கூந்தல் பின்புறம் கொண்டையாக முடிக்கப்பட்டிருந்தமையால் சேகரிப்போர் இவ்வகையைக் ‘கொண்டைத் தலை’ எனப் பொருள்படும் பெயராலேயே இன்றும் வழங்குவர். பூப்பக்கத்தில் பிரித்தானியா என்னும் பெண்ணுரு, கையில் திரிசூலமும் அருகில் கேடயமும் கொண்டு அமர்ந்திருக்கும். ஒருபுறம் கலங்கரை விளக்கமும் மறுபுறம் கப்பலும் காணப்படும். 1894 வரை இவ்வமைப்பு நீடித்தது.

வேறுபாடு தோன்றும் வகை

ஒரே ஆண்டில் ஒரே நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட காசுகள் எங்ஙனம் வேறுபடும் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. கோடிக்கணக்கான காசுகளை ஓர் அச்சே அடித்துவிட முடியாது. மூல அச்சிலிருந்து பல வேலை அச்சுகள் எடுக்கப்படும்; அவை தேயும், விரிசல் விடும், மாற்றப்படும். மங்கிய எழுத்தின்மேல் மீண்டும் எழுத்தைப் பதிப்பர். ஆண்டின் எண்களைத் தனியே பொறிப்பதும் உண்டு. ஒவ்வொரு முறையும் மனிதக் கை குறுக்கிடுகின்றது. கை குறுக்கிடும் இடமெல்லாம் வேறுபாடு பிறக்கின்றது.

முதலாண்டாகிய 1860லேயே இதற்குச் சான்று உண்டு. விளிம்பைச் சுற்றி முதலில் மணிவரிசை அமைந்தது; அவ்வாண்டிலேயே அது கைவிடப்பட்டுப் பல்வரிசை புகுந்தது. ஒருபக்கம் மணியும் மறுபக்கம் பல்லுமாக, பழைய அச்சும் புதிய அச்சும் இணைந்து பிறந்த காசுகளும் சில உள. அவை மிக அரியன. கொண்டைத் தலைக் காசுகளுள் அரசியின் தலைமாலையில் 15 இலைகள் கொண்டன சில. 16 இலைகள் கொண்டன சில. இலையை எண்ணுவோனுக்கே இவ்வேறுபாடு புலனாகும். 1863ஆம் ஆண்டுக் காசுகளுள் ஆண்டெண்ணின் கீழே ஒரு சிற்றெண் பொறிக்கப்பெற்றவை விரல்விட்டு எண்ணத்தக்கன.

1895இல் தாமஸ் பிராக் அமைத்த முதுமைத் திருவுருவம் வந்தது. கலங்கரை விளக்கமும் கப்பலும் மறைந்தன. அவ்வாண்டுக் காசுகளிற் பெரும்பாலானவற்றில், ‘பென்னி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்திற்கும் திரிசூலத்திற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அரிய வகையிலோ இரண்டு மில்லிமீட்டர். 1902இல் பிரித்தானியாவின் பின்னே தோன்றும் கடற்கோடு சில காசுகளில் வழக்கத்தினும் தாழ்ந்து காணப்படும். அவற்றைத் ‘தாழ்ந்த அலை’ என்பர்.

அடுத்து, அச்சுச் சிக்கலொன்று தந்த வேறுபாட்டையும் கருதலாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் திருவுருவத்தை அமைத்தவர் பெர்ட்ரம் மெக்கென்னல். அத்தலை மிகப் புடைத்து அமைந்தமையால், அடிக்கும்போது உலோகம் அப்பக்கமே ஈர்க்கப்பட்டு, பூப்பக்கத்தில் தலையின் நிழலுரு படிந்தது. பிரித்தானியாவின் மேல் ஓர் ஆவியுரு நின்றாற்போன்ற தோற்றம் அது! இதனை நீக்குதற்குப் பல முயற்சிகள் நிகழ்ந்தன. 1926இல் திருத்தப்பட்ட தலை புகுந்தது. அவ்வாண்டில் பழைய தலையே பெரும்பான்மை. திருத்திய தலை அருகியே கிடைக்கும். கழுத்தடியில் கலைஞரின் முதலெழுத்துகள் நிற்கும் இடத்தையும், அவற்றிடையே புள்ளி உண்டா இல்லையா என்பதையும் நோக்கியே இதனைத் தெளிவர்.

காசு சொல்லும் வரலாறு

1895 முதல் பென்னியின் தலைப்பக்கத்தில் ‘இண்ட் இம்ப்’ என்னும் இலத்தீன் சுருக்கம் இடம்பெற்றது. ‘இந்தியாவின் பேரரசி’ என்பது அதன் பொருள். பின்னர் மன்னர் காலத்தில் அதுவே ‘பேரரசர்’ எனப் பொருள்பட்டது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. எனினும் 1948ஆம் ஆண்டுப் பென்னியிலும் அப்பட்டம் நின்றது. 1949ஆம் ஆண்டுக் காசிலேதான் அது நீங்கியது. 1948க்கும் 1949க்கும் உரிய இரண்டு பென்னிகளை அருகருகே வைத்தால், ஒரு பேரரசின் முடிவை உள்ளங்கையிற் காணலாம். அவ்விரண்டும் எளிதிற் கிடைப்பன. பொருட்செறிவிற்கு அருமை இன்றியமையாததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஐயமும் தெளிவும்

இக்கலையின் உயிர்நாடி 1882ஆம் ஆண்டுப் பென்னியில் உள்ளது. இலண்டன் கோபுரக் குன்றிலிருந்த அரச நாணயச்சாலையில் அவ்வாண்டு இயந்திரங்கள் புதுப்பிக்கப்பட்டமையால், பர்மிங்காம் நகரின் ஹீட்டன் நிறுவனத்திடம் பென்னி அடிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் அடையாளமாகிய ‘எச்’ என்னும் எழுத்து ஆண்டெண்ணின் கீழே பொறிக்கப்பட்டது. அவ்வெழுத்து இல்லாத 1882ஆம் ஆண்டுப் பென்னி மிக அரிது, ஆகவே பெருமதிப்புடையது.

இங்கேதான் சேகரிப்போனுக்குச் சோதனை தொடங்குகின்றது. அவ்வெழுத்து மிகச் சிறியது. பலர் கையிற் புழங்கித் தேய்ந்திருக்கலாம். அச்சில் அழுக்கடைந்து பதியாமற் போயிருக்கலாம். பேராசை கொண்ட ஒருவன் அரத்தால் சுரண்டியிருக்கலாம். இம்மூன்றும் அருமையல்ல. ‘இல்லை’ என்பது ஒன்றே சான்றாகாது. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் உலோகத்தின் மேற்பரப்பு இயல்பாக உள்ளதா, ஏனைய பகுதிகளின் தேய்வு அதனோடு ஒக்கின்றதா, தலைப்பக்கமும் பூப்பக்கமும் இலண்டனுக்கு உரிய அச்சுகளின் இணைதானா என்று ஒவ்வொன்றாகத் தேர்தல் வேண்டும். காண விழைந்ததைக் கண்டுவிட்டதாக மயங்குவது கண்ணின் இயல்பு. பூதக்கண்ணாடி காசை மட்டுமே பெரிதாக்கும் என்பதில்லை. நோக்குவோனின் ஆசையையும் பெரிதாக்கும். தன் கையிலிருப்பது எளிய காசே என்று தானே முடிவுகட்டும் துணிவு எவனுக்கு உண்டோ, அவனே இத்துறையில் அறிஞன்.

இத்துறைக்கு நெறி வகுத்த நூல்கள் இரண்டைச் சுட்டலாம். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் செம்பு, வெள்ளீய, வெண்கலக் காசுகளை வில்சன் பெக் 1960இல் தொகுத்து வெளியிட்டார். மைக்கேல் ஃபிரீமன் 1970இல் வெண்கலக் காசுகளுக்கெனத் தனிநூல் இயற்றினார். தலைப்பக்க அச்சுகளுக்கு எண்ணும், பூப்பக்க அச்சுகளுக்கு எழுத்தும் இட்டு, ஒவ்வோர் இணைக்கும் தனி எண் வழங்கினார். அந்நூலுக்குப் பின்னரும் புதிய வேறுபாடுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டோருட் பலர் ஓய்வு நேரத்தில் காசுகளைப் புரட்டிப் பார்த்த எளிய மாந்தரே ஆவர்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெண்கலப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்குதல் இல்லத்திற்கு அழகு; காசிற்கோ அது கேடு. நூறாண்டு படிந்த பழுப்பு நிறம் அதன் மேனி. அதனைத் துடைத்தெடுப்பது சுவடியின் எழுத்தைச் சுரண்டுவதனோடு ஒக்கும்.

அருமையும் ஆசையும்

பென்னிகளுள் பெயர்பெற்றது 1933ஆம் ஆண்டிற்கு உரியது. அவ்வாண்டு நாணயச்சாலையில் இருப்பு மிகுந்திருந்தமையால் புழக்கத்திற்கெனப் பென்னி அடிக்கப்படவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லின்கீழ் அவ்வாண்டுக் காசுகளை இடும் வழக்கத்தின் பொருட்டும், அருங்காட்சியகங்களின் பொருட்டும் மிகச் சிலவே அடிக்கப்பட்டன. இலீட்ஸ் நகரின் மிடில்டன் பகுதித் தேவாலயமொன்றின் அடிக்கல்லின்கீழ் வைக்கப்பட்ட காசு 1970இல் திருடப்பட்டது. அந்நகரின் மற்றொரு தேவாலயத்திலிருந்த காசிற்கும் அந்நிலை நேருமோ என்னும் அச்சத்தால், அதுவும் வெளியே எடுக்கப்பட்டு 1972இல் விற்கப்பட்டது. இறைவனுக்குக் காணிக்கையாக மண்ணுள் வைத்ததையும் மனிதனின் ஆசை விட்டுவைக்கவில்லை!

1933 என்னும் எண்ணைப் படிப்பதற்குக் கலை வேண்டா. கண் இருந்தாற் போதும். ஆனால், இலட்சக்கணக்கான காசுகளிடையே கரந்து நிற்கும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியைக் காண்பதற்குப் பொறுமையும் பயிற்சியும் நேர்மையும் வேண்டும். முன்னது விலையாற் பெற்ற பெருமை. பின்னது அறிவாற் பெற்ற பெருமை.

1971 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டன் பதின்ம நாணய முறைக்கு மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியோடு பழைய பென்னி செல்லாக் காசாயிற்று. அதுகாறும் கடைச் சில்லறையில் விக்டோரியா காலக் கொண்டைத் தலையைத் தேடிய சிறுவர்க்கு அந்த வாயில் அடைபட்டது. எனினும் பழைய பெட்டிகளிலும் பைகளிலும் அக்காசுகள் இன்றும் உறங்குகின்றன. அச்சடித்த தொழிலாளி எவர் என்று எந்த நூலும் கூறாது. தேய்ந்த எழுத்தை மீளப் பொறித்த அந்தக் கை, கோணலாய் நின்ற ஓர் எண்ணாகக் காசிலே எஞ்சியிருக்கின்றது. அதனைக் கண்டுபிடித்து, உள்ளதை உள்ளவாறே உரைப்பவன் அந்தப் பெயரறியா உழைப்பாளிக்குச் செய்யவேண்டிய நன்றியைச் செய்தவனாகின்றான். செல்லாக் காசிலும் செல்லுபடியாகும் செய்தி இதுவே.