கார்டா, ஆஸ்பத்திரியா?

(ஆனைக்கரையில் நடந்த சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகலெல்லாம் ஏலக்காட்டில் குனிந்து காய் எடுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் வந்து போகிறவர்கள் இருட்டுவதற்குள் மலை இறங்கியாக வேண்டும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

சில மாதங்களாக ஒரே கேள்வி நம் சங்கத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. "அஞ்சு லட்ச ரூபாய்க்குக் கார்டு வந்தாச்சே, இனி தோட்டத்து ஆஸ்பத்திரியும் சர்க்கார் ஆஸ்பத்திரியும் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் நம் தோழர்கள்தாம். அவர்களுக்கு நாம் பொறுப்புடன் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் இந்தக் கார்டின் கதையைப் பார்ப்போம். 2008-ல் ஆர்.எஸ்.பி.ஒய். என்ற திட்டம் வந்தது. 30 ரூபாய் கட்டிப் பதிந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசு கட்டும். காப்பீட்டு நிறுவனம் நடத்தும். 2009-ல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது அதை நடத்தியது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம். 2012-ல் வந்த முதலமைச்சர் திட்டம் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவிடம் போயிற்று. கேரளத்தில் 2019-ல் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். முதல் ஆண்டு ரிலையன்ஸ் காப்பீட்டு நிறுவனம் நடத்தியது. 2020 ஜூலை முதல் மாநில அரசே தன் சுகாதார முகமை வழியாக நேரடியாக நடத்துகிறது. நடுவில் கம்பெனி இல்லாமலே நடத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இந்தக் கார்டை நாம் குறை சொல்ல வரவில்லை. இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் டயாலிசிஸுக்கும் நிலத்தையும் தாலியையும் விற்ற குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்கு இது உயிர் காக்கும் கார்டு. இன்னும் வாங்காதவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும்.

ஆனால் இது எப்போது பயன்படும்? படுக்கையில் சேர்த்தால்தான் பயன்படும். சேருவதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் செலவு அதில் அடங்கும். மற்ற நாட்களில்? காட்டில் மருந்தடித்துவிட்டு வந்து தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது. குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பாட்டிக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதாமாதம் வேண்டும். இதற்கெல்லாம் அந்தக் கார்டை நீட்ட முடியாது. தனியார் டாக்டர் பீஸும் மருந்துக்கடைச் சீட்டும் சேர்ந்தால் இரண்டு நாள் கூலி போய்விடும். காசு இல்லையென்று மாத்திரையை நிறுத்துகிறோம். பிறகு பக்கவாதம் வந்து விழும்போது அதே கார்டோடு ஓடுகிறோம். நோய் முற்றுகிறவரை காத்திருந்து உதவுகிற ஏற்பாடு ஒன்றே போதும் என்று சொல்லலாமா?

அன்றாட நோய்க்கு நமக்கிருப்பது இரண்டே கதவுகள். ஒன்று, அரசின் குடும்ப ஆரோக்கிய மையம். 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களை இப்படி மாற்றி, மாலையிலும் டாக்டர் பார்க்க வேண்டுமென்று வகுத்தார்கள். காட்டுவேலை முடிந்து வருகிறவனுக்கு மாலை நேரம்தானே கிடைக்கும்? மற்றொன்று, தோட்ட ஆஸ்பத்திரி. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் மருத்துவ வசதியைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. அது நமக்குத் தானமாகக் கிடைத்ததல்ல, சட்டப்படி கிடைத்த உரிமை.

இப்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து பழைய தோட்டச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. புதிய சட்டப்படி தோட்ட முதலாளி மருத்துவ வசதி தரலாம். அல்லது தொழிலாளியை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம். இந்த "அல்லது" என்ற ஒரு சொல்லில்தான் நம் ஆஸ்பத்திரியின் தலைவிதி இருக்கிறது. இ.எஸ்.ஐ. அரசு சார்ந்த நல்ல ஏற்பாடுதான். நோய்க்கால விடுப்புக்குப் பணம் உண்டு, பேறுகாலத்துக்கும் உண்டு. ஆனால் கூலியில் நூறு ரூபாய்க்கு 75 காசு நம் பங்கு, மூன்றேகால் ரூபாய் முதலாளி பங்கு. நாம் பங்கு கட்டத் தொடங்கிய பின், மலைமேல் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியும் இல்லை, தோட்டத்து ஆஸ்பத்திரியும் பூட்டு என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோட்டம் என்று சட்டம் ஏற்பது 5 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தைத்தான். ஆனைக்கரை, வண்டன்மேடு பக்கத்துச் சிறு ஏலக்காடுகளில் கூலிக்குப் போகிறவர்களுக்குத் தோட்ட ஆஸ்பத்திரியும் கிடையாது. அவர்களுக்கு அரசு மையம் ஒன்றே கதி. கேரளம், தமிழ்நாடு என்று இரண்டு பக்கமும் கால் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு, எந்த மாநிலக் கார்டு எங்கே செல்லும் என்பது அவர்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ காய்ச்சலோடு வந்தவனைப் பட்டியல் பார்த்துத் திருப்பி அனுப்புவதில்லை.

"சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லையே" என்பீர்கள். உண்மைதான். 2014-ல் தொடங்கிய இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி, போதிய வசதியில்லாமல் 2016-ல் அனுமதியை இழந்து, 2022-ல்தான் மீண்டும் மாணவரைச் சேர்த்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரிய நோய் என்றால் கோட்டயத்துக்கோ தேனிக்கோதான் ஓடினோம். ஆனால் டாக்டர் இல்லையென்றால் டாக்டரைக் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியையே கைவிட்டுவிட்டால் பட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைதான் மிஞ்சும்.

ஆகவே நம் சங்கத்தின் நிலையைத் தெளிவாகச் சொல்கிறோம். கார்டு இருக்கட்டும், அதை அரசே நடத்தட்டும், மறுபடி கம்பெனி கைக்குப் போக வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பதிலாகக் கார்டு என்ற பேரத்துக்கு நாம் உடன்பட மாட்டோம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரோடும் மருந்தோடும் மலையில் இயங்கத் தொடங்கும்வரை தோட்ட ஆஸ்பத்திரிகளை மூடக்கூடாது. குடும்ப ஆரோக்கிய மையங்களில் மாலை டாக்டரும் மாதாந்திர மாத்திரையும் தவறாமல் இருக்க வேண்டும். விண்ணப்பமும் அறிவிப்பும் தமிழிலும் வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. புரியாத தாளில் கைநாட்டு வைக்கிற காலம் முடியட்டும்.

2015-ல் மூணாறில் நம் பெண்கள் தெருவில் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கிக் காட்டினார்கள். அந்த உறுதி ஆஸ்பத்திரி விஷயத்திலும் வேண்டும். அடுத்த கிராமசபைக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். உங்கள் மையத்தில் எந்த மாத்திரை இல்லை, எந்த நாளில் டாக்டர் இல்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள்களை ஒன்றுசேர்த்து நாம் அரசின் முன் வைப்போம்.

ஜீப் காத்திருக்கிறது.