ஏலம் என்றால் இரண்டு



போடிநாயக்கனூரிலே ஏலம் என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று, மலையிலே விளைவது. மற்றொன்று, அதற்கு விலை கூறுவது. அன்று குரல் கொடுத்துக் கேட்டார்கள். இன்று கணினித் திரையிலே எண்கள் ஏறி இறங்குகின்றன. 2019 ஆகஸ்டில், மலைக்கு அப்பால் புற்றடியில், ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று! அவ்விலை நிலைக்கவில்லை என்பது வேறு கதை. விலை ஏறினால் நாட்டின் வருமானக் கணக்கும் ஏறும். ஏறட்டும், வளத்துக்கு நாம் பகைவரல்லர். அந்தக் காயைப் பறித்த கை எந்தக் கணக்கிலே இருக்கிறது என்று கேட்க உரிமை உண்டல்லவா?

ஏலச்செடி ஆள் உயரத்தையும் தாண்டும். காயோ உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலே, மண்ணையொட்டிய சரத்திலே காய்க்கும். நிமிர்ந்து நின்று பறிக்க இயலாது. குனிய வேண்டும், குந்த வேண்டும், நகர வேண்டும். எல்லாக் காயும் ஒருசேர முதிர்வதுமில்லை. ஒன்றரை மாதத்துக்கொரு முறை, பதமான காயைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ! பிறகு சலித்து, 8 மில்லிமீட்டர் தனி, 7 மில்லிமீட்டர் தனி என்று தரம் பிரிக்கிறார்கள். காயை மில்லிமீட்டரிலே அளப்பவர்கள், பறித்தவளின் முதுகுவலியை எதனால் அளந்தார்கள்?

விடியுமுன் ஜீப்புகள் வருகின்றன. தூக்குச்சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். போடிமெட்டின் வளைவுகளைத் தாண்டினால் சோதனைச்சாவடி, அதற்கப்பால் கேரளம். 1956-இல் மாநிலங்களைத் திருத்தியமைத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றுவிட்டன. வீடு ஒரு மாநிலம், வேலை மறு மாநிலம். 2020-இல் தொற்றுக்காக எல்லையை அடைத்தார்கள். ஜீப் நின்றது, அன்றே கூலியும் நின்றது.

முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய அதே 1951-இலேதான் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பிறந்தது. இரட்டைப் பிள்ளைகள்! திட்டத்தைத் தோளிலே தூக்கி வளர்த்தார்கள்; சட்டத்தைத் திண்ணையிலே விட்டார்கள். குடியிருப்பு, மருத்துவம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்திலே குழந்தைக் காப்பகம் என்று எழுதியவர்கள் நல்லவர்களே. ஆனால் தோட்டத்திலே தங்கி வாழும் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதினார்கள். சிறு தோட்டங்களை எல்லைக்கு வெளியே நிறுத்தினார்கள். காலையிலே ஏறி மாலையிலே இறங்குகிறவளின் குழந்தை மலையிலே இல்லையே! போடியிலோ தேவாரத்திலோ, பாட்டியின் மடியிலே இருக்கும். அல்லது பள்ளியை விட்டு நின்ற அக்காளின் இடுப்பிலே இருக்கும். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். அது என் விருப்பம். அந்தச் சிறுமியிடம் விருப்பம் கேட்டவர் யார்?

ஆகவே கேட்கிறோம்: விடியற்காலை நான்கு மணிக்குத் திறக்கும் காப்பகம் மலைமேலே அல்ல, போடியின் தெருக்களிலே வேண்டும். ஜீப் கவிழ்ந்தால் இழப்பீடு யார் பொறுப்பு என்று இரு அரசுகளும் ஒன்றையொன்று பார்க்காதிருக்க, இப்பெண்களின் பெயர்களை இரு அரசுகளும் கூடி ஒரே பதிவேட்டிலே எழுத வேண்டும். வாக்காளர் பட்டியலிலே அப்பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பார்த்தெழுத அதிக நாள் ஆகாது!