சொந்தக் காரா, வாடகைக் காரா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், காலை நேரத்தில் தெருநீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது அந்தத் தெருவில் காரை எடுக்க முடியுமா? வீட்டுக்குள்ளே தறி, வாசலில் திண்ணை. நிறுத்தத்தான் இடம் ஏது?

சென்னை சுமார் 75 கிலோமீட்டர். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எப்போதாவது போகிறவருக்கு வாடகை வண்டியே போதும் என்பேன். ஓடாமல் நின்றாலும் சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் கட்டியாக வேண்டும். மதிப்பும் இறங்கும், நாலு வருஷம் தாண்டினால் இன்சூரன்ஸ் கணக்கிலேயே பாதி போச்சு! வைகாசி கருட சேவையன்று வாசலில் கார் இருந்தாலும் நடைதான்.

வாடகைக்கு எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிரைவரோடு வருவது மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நீங்களே ஓட்டுவதற்கானது கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. தெரிந்தவர் வண்டிதானே என்று வெள்ளைப் பலகைக் காரைக் காசு கொடுத்து எடுத்தால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடலாம். டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் கிளம்புமுன்பே பேசிவிடுங்கள்.

வீட்டில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர் இருந்தால் கணக்கே வேறு. அங்கே சொந்த வண்டிதான் சரி.