எண் யார் பேரில்?

(கோவில்பட்டியில் எழுதுகிற தோழர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் காசு கொடுத்து வாங்க வேணுமா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மேலாகப் பார்த்தால் ஆபீஸ் சங்கதி. ஆனால் நம்ம எழுத்து யாருடைய வெளியீடாக ஏட்டில் ஏறப் போகுது என்கிற கேள்வி இதுக்குள்ள இருக்கு.

சொந்தமாகப் புத்தகம் போடுவது நமக்குப் புதுசு இல்லை. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமை உரைக்கு அழைத்தது. உரையைப் படித்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நின்று போச்சு. அம்பேத்கர் அந்த உரையைத் தானே வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. 1,500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்பு வரும்போது தமிழிலும் அது வந்திருந்தது. அன்னைக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணே கிடையாது. எண் இல்லாமல்தான் அந்தப் புத்தகம் நாட்டையே உலுக்கிச்சு.

அப்ப எண் எதுக்கு? 1960களில் இங்கிலாந்துப் புத்தக வியாபாரிகள் தங்கள் கிட்டங்கியில் இருப்புக் கணக்குப் பார்க்கக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. 1970இல் உலகத் தரமாச்சு. 2007இல் 10 இலக்கம் 13 ஆச்சு. முதலில் 978, அடுத்து நாட்டுக்கோ மொழிக்கோ உரிய எண் (இந்தியாவுக்கு 81, 93), பிறகு பதிப்பாளர், பிறகு புத்தகம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். கடை, நூலகம், இணைய விற்பனை எல்லாம் இதை வச்சுத்தான் புத்தகத்தைத் தேடுறாக. எண் இல்லாத புத்தகம் கெட்ட புத்தகம் இல்லை. ஆனால் பல பட்டியல்களில் அது கண்ணுக்குத் தெரியாது.

இப்ப காசு விசயம். அமெரிக்காவில் ஒரு எண் 100 டாலருக்கு மேல் விலை. கனடாவில் இலவசம். இந்தியாவிலும் இலவசம்தான். டெல்லியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதைத் தருது. 2016இலிருந்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிப்பகம்தான் கேட்கணும் என்றில்லை, எழுதின ஆளே கேட்கலாம். அதனால் 'பேக்கேஜ்' என்று சொல்லி யாராவது எண்ணுக்குத் தனியாகக் காசு கேட்டால், சும்மா கிடைக்கிறதை நம்மிடம் விற்கிறார்கள் என்று அர்த்தம்.

காசைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கு. எண்ணை யார் வாங்குறாகளோ அவுக பேருதான் ஏட்டில் பதிப்பாளர். எழுதினது நம்மாளு. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் மிச்சம் பிடிச்சு, சிவகாசியில் அச்சடிச்சது நம்ம காசு. ஆனால் பதிப்பாளர் பேரு வேற எவரோ. 1892 ஆணையில் கிடைத்த பஞ்சமி நிலம் எப்படிப் பேர் மாறிப் போச்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுக்காக 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் இரண்டு உயிர் போனது. பேரு எங்கே ஏறுது என்பதில் அக்கறை இல்லாமல் இருக்க நமக்கு உரிமை இல்லை.

அதே நேரம் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேணும். எண் வேறு, பதிப்புரிமை வேறு. 1957 சட்டப்படி எழுதிய உடனேயே உரிமை எழுதினவருக்கு வந்து விடுகிறது. அதை எழுதிக் கொடுத்தால்தான் போகும். எண் இல்லை என்பதால் அது போகாது, எண் வாங்கியதால் அது வரவும் செய்யாது. எண் தரத்துக்கும் சான்று இல்லை. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடும்போது ஐ.எஸ்.பி.என். உள்ள புத்தகம் என்று ஒரு கணக்கு வைத்தது. அதிலிருந்து கல்லூரிகளில் எண் இருந்தால்தான் புத்தகம் என்று ஒரு நினைப்பு. மாணவத் தோழர்கள் இதில் ஏமாற வேண்டாம்.

அரசாங்கம் கொடுக்கிற எண் நமக்கு எதுக்கு, அது அங்கீகாரம் கேட்டு நிற்பது ஆகாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் இது அனுமதி இல்லை. முகமை நம்ம புத்தகத்தைத் திருத்துவதில்லை. எண் வராவிட்டாலும் புத்தகம் போடத் தடையில்லை. எண்ணுக்காகப் புத்தகத்தை ஆறு மாதம் கிடப்பில் போடுவதுதான் தப்பு.

நமக்கு நேர்ந்த இழப்பு எல்லாம் காணாமல் போனதால் வந்த இழப்பு. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார், 1914இல் மறைந்தார். அவர் எழுத்து பெருந்தொகுப்பாக வர 1999 ஆச்சு, ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. நடுவில் 85 வருசம். அதுவரைக்கும் பழைய இதழ்களைக் காப்பாற்றி வச்சிருந்தது நம்ம குடும்பங்கள்தான். அதனால் எண்ணைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கு. 1954ஆம் வருசச் சட்டப்படி, புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்பணும். நம்மில் பலர் அனுப்புவதில்லை. 300 படி அச்சடித்தால் நாலு படி போகட்டும். 50 வருசம் கழித்துத் தேடி வருகிற பிள்ளைக்கு அந்த நாலுதான் கிடைக்கும்.

ஆக, என் முடிவு: எண் வாங்குங்க; காசுக்கு வாங்காதீங்க; அடுத்தவர் பேரில் வாங்காதீங்க. அஞ்சாறு பேர் சேர்ந்து ஒரு வெளியீட்டுப் பேர் வையுங்க, உங்க ஊர்ப் பேராகவே இருக்கட்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கு, அடையாள ஆவணம் கேட்பாக. மாணவத் தோழர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்க. தாள் புத்தகத்துக்கு ஒன்று, மின்நூலுக்கு வேறொன்று, திருத்திய பதிப்புக்குப் புதுசு. அப்படியே மறு அச்சடித்தால் பழைய எண்ணே போதும்.

இன்னைக்கு இங்கே கையெழுத்துப் பிரதியோடு வந்திருக்கிற தோழர்கள் கூட்டம் முடிஞ்சதும் போயிராதீங்க. உட்கார்ந்து எழுதிருவோம்.