டாக்டரிடம் குடியை மட்டும் சொன்னால் போதாது



காலேஜ் படிக்கிற பிள்ளை குடிக்கிறான்னு தெரிஞ்சதும் வீட்ல முதல்ல வர்ற பேச்சு, "சேர்க்கை சரியில்ல". அடுத்து, "குடிதான் அவனைக் கெடுத்திடுச்சு". பல வீடுகளில் இது உண்மைதான். ஆனா சில பிள்ளைகளுக்குக் கதை முதல் பாட்டிலுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். (பையன்னுதான் சொல்லிட்டுப் போறேன், பொண்ணுங்களுக்கும் இது பொருந்தும்.)

மனநல மருத்துவத்தில் 'சமூக விரோத ஆளுமைப் பண்புகள்' என்று சொல்வார்கள். செய்தியில் வருகிற 'சமூக விரோதிகள்' வேறு. யார்கூடயும் சேராம இருக்கிறவனை 'ஆன்ட்டி சோஷியல்'னு ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்களே, அதுவும் இது இல்ல. கூசாமல் பொய் சொல்வது, விதிகளைத் திரும்பத் திரும்ப மீறுவது, யோசிக்காமல் காரியத்தில் இறங்குவது, அடிதடி, அடுத்தவர் வலியைப் பார்த்தும் மனசு உறுத்தாமல் இருப்பது. இதில் ஒன்றிரண்டு நம்மில் பலருக்கும் கொஞ்சம் இருக்கும். பல சேர்ந்து வருஷக்கணக்கா நீடிச்சாதான் அது கோளாறு. 18 வயது ஆகும்வரை டாக்டர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு இருந்ததா என்றும் பார்ப்பார்கள். ஒரு நாள் போதையில ஹாஸ்டல் கண்ணாடியை உடைச்சவனுக்கு இந்த முத்திரையைக் குத்திடாதீங்க.

இந்தப் பண்புகள் அதிகம் உள்ளவர்கள் சீக்கிரமே குடிக்கத் தொடங்கி, அதிகமாகவும் குடிப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த க்ளோனிங்கர் குழுவினர், 1981-லேயே குடிநோயில் இரண்டு வகை உண்டு என்றார்கள். அதில் ஒன்று, இளவயதிலேயே தொடங்கி, சண்டை, போலீஸ் கேஸ் என்று கூடவே இழுத்து வருவது. காரணம் ரொம்பச் சிக்கலானது இல்ல. இவர்களுக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பிரேக் முன்பே தளர்ந்திருக்கும். மிச்சம் இருக்கிற பிரேக்கையும் மது பிடுங்கிவிடும்.

"ஒரு குவார்ட்டர்தானே"ன்னு சொல்றாங்க. 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே நேரத்தில் 60 கிராம் குடித்தாலே 'மிதமிஞ்சிய குடி' என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கவே கூடாது என்பதையும் சேர்த்துப் பாருங்க.

பெற்றோருக்கு ஒண்ணு. குடிக்கிறதுக்கு முன்னாடி, பள்ளிக்கூட நாளில் பிள்ளை எப்படி இருந்தான்? திருட்டு, கட் அடிப்பது, மிருகங்களை வதைப்பது, ஓயாத சண்டை எதுவும் இல்லைன்னா, மன அழுத்தம், ராகிங், அரியர்ஸ் பயம் மாதிரி வேற காரணத்தைத் தேடணும். இருந்ததுன்னா, குடியை மட்டும் நிறுத்துவது பாதி வைத்தியம்தான். கோபத்தையும் அவசர புத்தியையும் கையாளத் தனியா ஆலோசனையும் பயிற்சியும் வேணும். பல குடும்பங்கள் டாக்டர்கிட்ட குடியைச் சொல்லிட்டு, எட்டாம் வகுப்புல நடந்ததை மானத்துக்குப் பயந்து மறைச்சிடுறாங்க. டாக்டருக்கு அதுதான் முக்கியமா தேவைப்படும்.

மாணவர்களே, உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற 10 கேள்விச் சோதனையை மொபைலிலேயே செய்து பார்க்கலாம். மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் வந்தா 14416-க்கு போன் பண்ணுங்க. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கு. காலேஜுக்குத் தெரிஞ்சிடுமோன்னு தயங்க வேண்டாம். உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கணும்னு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது.

தினமும் அதிகமா குடிக்கிறவங்க வீட்டிலேயே திடீர்னு நிறுத்த வேண்டாம். டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்துங்க. நிறுத்தின ஓரிரு நாளில் வலிப்பு வந்தாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரியுதுன்னு சொன்னாலோ, உடனே 108-ஐக் கூப்பிடுங்க.